பூட்ஸோ சப்பாத்தோ

தொரொன்ரோவில் வெதரைப் பற்றிக் கருத்துச் சொல்லாத தமிழன் செத்தவன் மட்டும்தான். ஆனால் மல்வேர்னில் எங்கள் பதினாலு மாடிக் கட்டடத்தில், அதைச் சொல்லும் தகுதி எனக்கு மட்டுமே இருப்பதாக நான் நம்பியிருந்தேன். பெயர் வின்சன்ற். மார்க்கம் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் செக்கியூரிட்டி வேலை. கட்டடத்துத் தமிழ்ச் சனத்துக்கென்று வாட்சப்பில் ஒரு குழு நடத்தினேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பை வாசித்து, நாளைக்கு எப்படி என்று தமிழில் எழுதிப் போடுவேன்.

சும்மா பார்த்து எழுதுகிற ஆளில்லை நான். இந்த ஊருக்கு நாலு பருவம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சுத்தப் பொய். சித்திரைக்குப் பிறகும் ஸ்னோ கொட்டும். தை மாதத்தில் ஒரு நாள் இளவெயில் எறித்து ஆளை ஏமாற்றும், அடுத்த நாள் மூக்கு விறைக்கும். போனில் 'தொரொன்ரோ' என்று வருகிற சூட்டை நம்பவே கூடாது. வாவிக்கரையில் இருப்பவனுக்கு மழையென்றால் வடக்கே இருக்கிற எங்களுக்கு அது ஐஸ். இதெல்லாம் இருபத்தாறு வருட அனுபவத்தில் எனக்கு அத்துப்படி.

என் மனைவி கிளடிஸுக்கு அந்தக் குழு தேவைப்படவில்லை. விடிய ஐந்தரைக்கு பிஸ்கட் தொழிற்சாலைக்கு வெளிக்கிடுவாள். கதவடியில் நின்று ஒரே கேள்விதான் கேட்பாள்.

"இஞ்சருங்கோ, பூட்ஸோ சப்பாத்தோ?"

ஸ்னோ, ஐஸ் என்றால் பூட்ஸ், இல்லாவிட்டால் சப்பாத்து என்று நான் ஒன்றைச் சொல்லுவேன். அவள் அதைப் போடுவாள். பதினெட்டு வருடமாக யன்னலைக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

போன தை மாதம் அவளை லீட் ஹான்ட் ஆக்கினார்கள். பன்னிரண்டு பேர் வேலை செய்கிற ஒரு லைனுக்குப் பொறுப்பு. பதினெட்டு வருடம் பெட்டி அடுக்கியவளுக்கு அது சின்ன விஷயமில்லை. மூன்று மாதம் நின்று காட்டினால்தான் பதவி நிரந்தரம் என்றார்கள். புதுக் கறுப்புச் சப்பாத்து வாங்கி, அதை இரண்டு தரம் துடைத்து வைத்தாள். முதல் நாளே பூட்ஸைக் கழற்றிக் கையில் காவிக்கொண்டு திரியாமல், நேராக லைனுக்குப் போய் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அதற்கு முந்தின நாள் பின்னேரம் குழுவில் நான் எழுதினேன்: "நாளைக்கு மழை. ஸ்னோ இல்லை. பயப்பிடத் தேவையில்லை."

மூன்றாம் மாடி அகஸ்ரின் உடனே எழுதினான்: "அண்ணை, உது ஐஸ் மழை போலக் கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நேற்று வந்த பெடியன் எனக்கு வெதர் படிப்பிக்கிறான். "ஐஸ் மழையோ? வானத்திலையிருந்து ஐஸ்பழமோ தம்பி விழுது?" என்று போட்டேன். இருபது பேருக்கு மேல் சிரிப்பு முகம் போட்டார்கள். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

விடிய எழும்பிப் போனைப் பார்த்தேன். எச்சரிக்கை வந்திருந்தது. ஃப்ரீசிங் ரெயின். விழுகிற மழை தரையில் பட்டவுடன் ஐஸாகிவிடும். வாசித்தேன், நன்றாக விளங்கியது. குழுவில் இரண்டு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த இரண்டு வரிக்குள் அகஸ்ரின் சொன்னது சரி என்று வந்துவிடும். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

கதவடியில் கிளடிஸ் தலையெல்லாம் வாரி இழுத்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டு கன காலம்.

"இஞ்சருங்கோ, பூட்ஸோ சப்பாத்தோ?"

"மழைதான். சப்பாத்தைப் போடும்."

பொய் சொல்லவில்லை. மழைதான் பெய்தது. பஸ் ஸ்ரொப் கட்டடத்துக்கு முன்னால்தானே, ஐஸ் கரைய உப்புப் போட்டிருப்பான்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நிமிடம் கழித்து நானும் வேலைக்கு இறங்கினேன். பஸ் ஸ்ரொப்பில் ஆட்கள் கூடி நின்றார்கள். நடுவில் கிளடிஸ் விழுந்து கிடந்தாள். அகஸ்ரின் தன் ஜக்கெற்றைக் கழற்றி அவள்மேல் போட்டுவிட்டு, ரீசேட்டோடு பக்கத்தில் முழந்தாளில் இருந்தான்.

"அண்ணை, ஆளை அசைக்காதேங்கோ. அம்புலன்ஸ் வருது," என்றான். 'நான் சொன்னனான்தானே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனைத் திட்டியாவது நான் ஆறியிருப்பேன். பாவி, அதைக்கூடச் சொல்லவில்லை.

கிளடிஸ் அழவில்லை. நிலத்தில் கிடப்பவளுக்கு முதலில் தெரிவது வருகிறவனுடைய கால். அவள் என் காலைப் பார்த்தாள்.

நான் பூட்ஸ் போட்டிருந்தேன். அதற்குமேல் ஐஸில் வழுக்காமல் இருக்க மாட்டுகிற முள்ளு றப்பரும் போட்டிருந்தேன். எப்போது குனிந்தேன், எப்போது மாட்டினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. கை தன்பாட்டில் செய்திருக்கிறது. அவள் அந்த முள்ளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

இடுப்பில் முறிவு. கம்பி வைத்தார்கள். லீட் ஹான்ட் வேலை, கிளடிஸ் தானே பழக்கிவிட்ட தனுஷிகாவுக்குப் போனது. அந்தப் பிள்ளை பழங்களோடு வந்து, சொல்லமாட்டாமல் சொல்லிவிட்டுப் போனாள். "நல்லாச் செய்யும் பிள்ளை," என்று கிளடிஸ் அவளுடைய தலையைத் தடவி அனுப்பினாள். அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். "தமிழிலை அதுக்குச் சொல் இல்லைப் பாருங்கோ. எது விழுந்தாலும் எங்களுக்கு மழைதான். அதாலை வந்த பிழை." எல்லாரும் தலையாட்டினார்கள். பிக்கரிங்கிலிருந்து வந்த சூசைதாசன் மாஸ்ரர் இதைக் கட்டுரையாக எழுதச் சொன்னார். நான் வெட்கமில்லாமல் யோசிக்கிறேன் என்றேன். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கிளடிஸுக்கு எல்லாம் கேட்டிருக்கும். ஒரு நாளும் மறுத்துச் சொல்லவில்லை. மறுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சித்திரை நடுப்பகுதியில், ஊன்றுகோலோடு முதல்தரம் வெளியே போகிற நாள் வந்தது. இடுப்புக்கான பயிற்சிக்குக் கூட்டிப்போக நான் லீவு போட்டிருந்தேன். வெளியில் வெயில் எறித்தது. பின்னேரம் ஸ்னோ என்று போன் சொன்னது. அவள் கதவடிக்கு வந்து நின்றாள். கேட்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

"இண்டைக்கு வெயில், கிளடிஸ். சப்பாத்தைப் போடும்," என்று நானாகச் சொன்னேன்.

அவள் யன்னலைப் பார்க்கவில்லை. காலுறை மட்டும் போட்டிருந்த என் காலைப் பார்த்தாள்.

"நீங்கள் முதல்லை போடுங்கோ," என்றாள். "நான் பாத்துப் போடுறன்."

பூட்ஸும் சப்பாத்தும் கதவடியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் குனிந்தேன். எதை எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.