மூன்று தனியறைகளும் ஒரு கிழட்டு ஃபேனும்

பாத்திரக்கடைக்காரர் மகளுக்கு விடுதியில் வைத்த பெயர் பேரம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் முதல் ஜெராக்ஸ் கடைக்காரர் வரை அவள் தலை தெரிந்ததும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்வார்கள். முகம் இளகினால் விலையும் இளகிவிடும் என்று பட்டுத் தெரிந்தவர்கள் அவர்கள். விடைத்தாள் திருத்திய ஆசிரியையிடமே போய் நின்று அரை மதிப்பெண்ணைக் கூட்டி வாங்கிக்கொண்டு, “அடுத்த தடவை பார்த்துப் போடுங்க மேடம்” என்று புத்தி சொல்லிவிட்டு வந்தவள்.

அப்பேர்ப்பட்டவள் கல்லூரியின் கடைசி வருடத் தொடக்கத்தில் ஒரு பேரம் பேசினாள். பிரமாதமாக ஜெயித்தாள். ஜெயித்துத்தான் நஷ்டப்பட்டாள்.

சேர்ந்த நாள் முதல் அவள் இருந்தது கீழ்த்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறை. மூன்று கட்டில், மூன்று பேர். இரண்டாவது ஆள் டாக்டர். படிப்பதென்னவோ பேரத்தோடு சேர்ந்து வணிகவியல்தான். ஆனால் யார் தும்மினாலும் மருந்துப் பெட்டியோடு வந்து நின்றுவிடுவாள். தும்மாதவர்களையும் தும்மல் வரப்போகிறது என்று எச்சரிப்பாள். மூன்றாவது ஆள் தூங்குமூஞ்சி. அவளைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் ஒன்றுமில்லை. அறையின் தாழ்ப்பாளைக் காலால் ஓர் உதை விட்டால்தான் விழும். அலமாரிக் கதவு மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. மேலே ஒரு ஃபேன். அது காற்று தந்ததைவிடச் சத்தம் தந்ததுதான் அதிகம். கடக்கு கடக்கு என்று அது பாட்டுக்கு யாரையோ திட்டிக்கொண்டே சுற்றும்.

கடைசி வருடம் வந்தால் தனியறை கிடைக்கும் என்பது விடுதியின் பெரிய கனவு. எல்லாருக்கும் கிடைத்துவிடாது. விடுமுறை முடிந்து மூவரும் போய் நின்றபோது வார்டன் சாவிகளை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

“தனி ரூம் எல்லாம் தீர்ந்து போச்சும்மா. ரெண்டு பேர் ரூம் ஒண்ணு இருக்கு. உங்கள்ல ஒருத்தி வேற யாரோடயாவது போய் ஒட்டிக்கோங்க.”

இல்லை என்ற சொல்லைக் கேட்டால் பேரத்துக்கு உள்ளங்கை அரிக்கும். வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் பிறகுதான்.

“தனி ரூம் யாரு மேடம் கேட்டா? எங்களுக்குப் பழைய ரூமே போதும். அதே தொட்டி, அதே ஃபேன். நாங்க பாட்டுக்கு இருந்துக்கிறோம்.”

வார்டன் இப்போது தலையைத் தூக்கினார். அந்த அறையை முதல் வருடப் பெண்களுக்கு ஒதுக்கி, அவர்களுடைய பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியும் ஆகிவிட்டது. இது பேரத்துக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

“அத குடுத்தாச்சேம்மா.”

“அப்படியா? பரவாயில்ல மேடம். நாங்க வராந்தாவுல பாய் விரிச்சுக்கிறோம். பிரின்சிபால் மேடம் பார்த்தாங்கன்னா, நாங்களா ஆசைப்பட்டுத்தான் படுத்திருக்கோம்னு சொல்லிடறோம்.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்த நடை குடும்பச் சொத்து. அம்மா துணிக்கடையில் நடக்கிற நடை. வேகம் இருக்கக் கூடாது, தயக்கமும் தெரியக் கூடாது, திரும்பிப் பார்த்தால் எல்லாம் போச்சு. வாசல்படியில் கால் வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தாக வேண்டும். வந்தது.

“ஏய், இங்க வா.”

மேசை இழுப்பறைக்குள்ளிருந்து மூன்று சாவிகள் வெளியே வந்தன. மாடிக் கோடியில் ஒன்று, நடுத்தளத்தில் ஒன்று, சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே ஒன்று. சாவிகளைக் கண்டதும் டாக்டர் கைதட்டினாள். தூங்குமூஞ்சி இரண்டு கண்களையும் முழுதாகத் திறந்தாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் கைதட்டல்.

தனியறை வெள்ளையாக இருந்தது. தாழ்ப்பாள் தொட்டதும் விழுந்தது. ஃபேன் ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். முதல் வாரம் பேரம் அந்த அறையின் அருமை பெருமைகளை வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். இரண்டாவது வாரம் கெட்டிலில் டீ போட்டாள். கை பழக்கத்தில் மூன்று பேருக்குத் தண்ணீர் வைத்துவிட்டது. ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு மீதியை ஜன்னலுக்கு வெளியே ஊற்றினாள். மறுநாளும் அதே கதை. ஊற்றும்போது ஜன்னலை முழுதாகத் திறந்தாள். மூடு என்று சொல்ல ஆள் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக் கடையில் ஒரு பெரிய அண்டா உண்டு. யாரோ கடையைக் காலி செய்யும்போது அப்பா அடித்துப் பேசி, ஏறக்குறைய சும்மா வாங்கிவந்தது. ஊரே திரண்டு வந்தாலும் அவ்வளவு பெரிய அண்டாவில் சமைக்க ஆள் இல்லை. இப்போது அதில் குடைகள் நிற்கின்றன. ‘அந்த அண்டாவுக்குள்ளதான் நான் படுத்துக்கிட்டு இருக்கேன்’ என்று பேரத்துக்குத் தோன்றியது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல முடியுமா? அவள் அப்பா இன்றுவரை அந்த அண்டாவைக் குறை சொன்னதில்லை.

மற்ற இருவரும் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்கள். “ரூம் எப்படிடி?” என்றால் “சூப்பர்டி” என்றார்கள். டாக்டர் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தாள். மருந்து கொடுக்க ஆள் கிடைக்காமல் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறாள் என்று கேள்வி. தூங்குமூஞ்சியின் கதைதான் வகுப்பையே உலுக்கியது. அவள் விழித்திருந்தாள். கணக்கியல் வகுப்பு முழுக்க நேராக உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தாள். பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டார்.

“ஏம்மா, உடம்பு சரியில்லையா?”

“இல்ல சார், நல்லா இருக்கேன்.”

“பின்ன ஏன் இப்படி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்க?”

வகுப்பு சிரித்தது. பேரம் சிரிக்கவில்லை. இந்த வருடம் தீர்ந்தால் டாக்டர் தன் அக்கா வீட்டோடு போய் அந்த ஊரிலேயே வேலை தேடப் போகிறாள். தூங்குமூஞ்சியை மேலே படிக்கவைக்க அவள் மாமா காத்திருக்கிறார். பேரத்துக்காக அப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டாகிவிட்டது. மூவரும் ஒன்றாக இருக்கக் கிடைப்பது இந்த ஒரு வருடம்தான். மறுபடி வராத சரக்கு. அதைப் பிரித்து மூன்று மூலையில் வைத்துப் பூட்டியவள் தான்தான் என்பது பேரத்தின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பழைய அறையை மீட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். வார்டனிடம் போக முடியாது. அன்றைக்கு ஜாலத்துக்குச் சொன்ன அதே வாக்கியத்தை இன்றைக்கு நிஜமாகச் சொல்ல எந்த முகத்தோடு போவது? நேராகக் கீழ்த்தளத்துக்குப் போய், பழக்கமாகக் கதவை உதைத்தாள். உள்ளே இருந்த மூன்று பெண்களும் அலறினார்கள்.

“பயப்படாதீங்கம்மா. சும்மா பார்க்க வந்தேன். இந்தப் பொந்துல எப்படி இருக்கீங்க? பாவமா இருக்கு. எங்க மூணு தனி ரூமையும் எடுத்துக்கோங்க. உங்களுக்காக நாங்க வேணா இங்க வந்து கஷ்டப்படறோம்.”

இரண்டு பெண்களின் முகம் மலர்ந்தது. மூன்றாவது பெண், வட்டக் கண்ணாடி போட்ட சின்ன உருவம், புத்தகத்தை மூடிவைத்தாள்.

“மூணு ரூம் குடுத்து ஒரு ரூம் வாங்கறீங்களா? ஏன்க்கா?”

“ஒரு நல்ல மனசுதான்.”

“எங்கப்பா பழைய இரும்புக் கடை வச்சிருக்காருக்கா” என்றாள் கண்ணாடிக்காரி. “நல்ல மனசோட வர்றவங்களை அவரு கடைக்குள்ளயே விடமாட்டாரு.”

பேரத்துக்குச் சட்டென்று உறைத்தது. முதல் விலையையே அள்ளிக் கொடுத்துவிட்டோம். ஒன்றுக்கு மூன்று என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மறுநாள் விடுதி முழுக்கப் பேச்சு. தொட்டி ரூமில் என்னவோ இருக்கிறதாம். இன்டர்நெட் அங்கேதான் வேகமாக வருமாம். அங்கே படித்தவர்கள் தோற்றதே இல்லையாம். கேட்க ஆள் கூடியதும் அறையின் மதிப்பு கிடுகிடுவென்று ஏறியது.

இரண்டாவது முறை போனபோது சரக்கை மட்டம் தட்டிப் பார்த்தாள்.

“தொட்டி நிரம்பினா தண்ணி உள்ள வரும். அலமாரியில பல்லி குடும்பம் நடத்துது. அந்த ஃபேன் சத்தம் இருக்கே, மனுஷங்க தாங்குவாங்களா?”

“அதானேக்கா? இவ்வளவு மோசமான ரூமை நீங்க எதுக்குக் கேக்கறீங்க?”

பேரம் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். “சரி, வேணாம்னா விடுங்க” என்று அம்மாவின் நடையைப் போட்டாள். வாசல்வரை வந்தாள். தாண்டினாள். வராந்தாவில் பாதி தூரமும் வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. அந்த நடை தோற்றுப்போன முதல் நாள் அது. வெட்கத்தை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்காரி நிலைப்படியில் சாய்ந்து நின்று கையாட்டினாள்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. போன வாரம் ஒரு அக்கா வந்தாங்க. மாத்திரை அட்டையை விட்டுட்டுப் போயிட்டேன்னு தேடிட்டு, எங்க மூணு பேருக்கும் நாடி பிடிச்சுப் பார்த்துட்டுப் போனாங்க. முந்தாநாள் இன்னொரு அக்கா. ஒண்ணுமே பேசல. என் கட்டில்ல உக்காந்தாங்க, அப்படியே தூங்கிட்டாங்க. சாயங்காலம்வரைக்கும் எழுப்ப முடியல. இப்ப நீங்க. மூணு பேரு தனித்தனியா வந்து ஒரே சாமானைத் தடவிப் பார்த்தா கடைக்காரன் என்னக்கா செய்வான்?”

பேரம் வராந்தாவிலிருந்து நிலைப்படிக்கே திரும்பி வந்தாள்.

“தனி ரூம் எங்களுக்கு வேணாம்க்கா” என்றாள் அந்தப் பெண், இப்போது கொஞ்சம் மெல்ல. “இவங்க ரெண்டு பேரும் வீட்டை நெனச்சு அழறதை இப்பத்தான் நிறுத்தியிருக்காங்க. தனியா விட்டா மறுபடி ஆரம்பிச்சிடுவாங்க. நானும்தான்.”

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? பேரம் போய்க் கேன்டீனில் மற்ற இருவரையும் பிடித்தாள்.

“மாத்திரை அட்டை கிடைச்சுதாடி?”

டாக்டரின் காது சிவந்தது. தூங்குமூஞ்சி தலையை மேசையில் வைத்துக்கொண்டாள்.

“உனக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சோம்டி” என்றாள் டாக்டர். “வராந்தாவுல பாய் விரிக்கிறேன்னு மிரட்டி வாங்கிட்டு வந்தவ. வேணாம்னு எப்படிச் சொல்றது?”

“நீங்க கைதட்டினீங்களே!”

“நீ எங்களைக் கேட்டியா? சாவியை வாங்கிக் கையில திணிச்ச. திணிச்சா தட்டத்தான் செய்வோம்.”

சண்டை சூடு பிடித்தது. பக்கத்து மேசைக்காரர்கள் கோப்பைகளோடு நகர்ந்தார்கள். நடுவில் தூங்குமூஞ்சி, கண்ணைத் திறக்காமலே, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக முனகினாள். “அப்படியே பேசிக்கிட்டே இருங்கடி. எனக்கு ரூமெல்லாம் வேணாம். இந்தச் சத்தமும் அந்த ஃபேனும் போதும்.”

பேரம் பேச்சை நிறுத்தினாள். கடைக்காரர் மகளின் மூளைக்குள் தராசு ஒன்று ஆடி நின்றது. மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு ஓடினாள்.

“ரூம் வேணாம். அந்த ஃபேனைக் குடு. என் ரூம்ல இருக்கிற நல்ல ஃபேனை எடுத்துக்கோ.”

கண்ணாடிக்காரி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு யோசிப்பதுபோல ஆரம்பித்தாள். “அது... ராசியான ஃபேன்...”

“எடுத்துட்டுப் போங்கக்கா! இப்பவே எடுத்துட்டுப் போங்க!” என்று பின்னாலிருந்து மற்ற இருவரும் கத்திவிட்டார்கள்.

கூட்டாளிகளை அவள் பார்த்த பார்வையைப் பேரம் மனதாரப் புரிந்துகொண்டாள்.

“சரி” என்றாள் கண்ணாடிக்காரி, மிச்சமிருந்த மானத்தோடு. “ஆனா ஒண்ணு. எங்க கடைசி வருஷத்துல வார்டன்கிட்ட எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடுக்கணும்.”

“சொல்லித் தரேன். ஜெயிச்சுட்டு என்கிட்ட வந்து அழக் கூடாது.”

எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறுவதற்கு முன்பு இரண்டு முறை கேட்டார். “நல்லா ஓடறதைக் கழட்டிட்டு இதையா மாட்டச் சொல்றீங்க?” மாட்டி முடித்ததும், சத்தத்தைக் கேட்டு, இதற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

மாடிக் கோடியில் இருந்த பேரத்தின் அறையிலிருந்து கட்டிலை வெளியேற்றிவிட்டு மூன்று மெத்தைகளைச் சுவருக்குச் சுவர் விரித்தார்கள். கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. மற்ற இரண்டு அறைகளும் வீணாகவில்லை. ஒன்று துணி காய. இன்னொன்று, சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போக. “பாருங்கடி, கோபத்துக்குன்னு தனி ரூம் எந்த அரண்மனையில இருக்கு?” என்று பேரம் தன் சரக்கைப் புகழ்ந்தாள். அண்டாவிலும் குடை நிற்கிறதே, அதுபோல.

ஞாயிறு மதியம். ஃபேன் கடக்கு கடக்கு என்று திட்டத் தொடங்கியதும், கதவோரம் படுத்திருந்த தூங்குமூஞ்சி அடித்துப்போட்டதுபோல் தூங்கிப்போனாள். பேரம் ஜன்னலைத் திறந்தாள்.

“மூடுடி. தூசி வரும், தும்மல் வரும்.”

“வேர்க்குதுடி.”

“உனக்கு வேர்க்கிறது உடம்புச் சூடு. நான் சொல்ற கஷாயத்தைக் குடிச்சா...”

“அதைக் குடிக்கிறதுக்கு வேர்த்தே செத்துப்போறேன்.”

டாக்டர் எழுந்து கோப அறையின் சாவியை வெடுக்கென்று எடுத்தாள். மெத்தைகளை மிதித்துக்கொண்டு போய்க் கதவை இழுத்தாள். வரவில்லை. கதவுக்குக் குறுக்கே தூங்குமூஞ்சி மலைபோலக் கிடந்தாள். எழுப்பிப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, சாவியைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

“பாதி திற.”

“முக்கால்.”

“பாதிக்கு மேல ஒரு விரல்.”

நியாயமான விலைதான். வேறு நாளாக இருந்தால் பேரம் அங்கேயே முடித்திருப்பாள். அவள் மெத்தையில் நன்றாகக் காலை நீட்டிக்கொண்டாள். ஃபேனைப் பார்த்தாள்.

“முக்கால்” என்றாள் மறுபடியும். முடிக்க அவளுக்கு அவசரமே இல்லை.