துரைக்கு எடுத்த ரத்தம்

முதல் ரத்தம் எடுத்து ஊசியும் போட்டாயிற்று. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியைத் தட்டி எழுப்புகிற ஊசி. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தால் ஹார்மோன் ஏறியிருக்கிறதா என்று தெரியும் என்றாள் கால்நடை டாக்டர். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கடியில் நாய் துரை மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது. பானை வயிறு, முடி கொட்டிப்போன முதுகு.

“இதுக்கெல்லாம் டெஸ்டே வேண்டாங்க. ஊட்டி ஊட்டி வளர்த்தா நாய் யானையாத்தான் ஆகும். இவகிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்,” என்று அவளைக் காட்டினான் கணவன்.

பூனைக்கூடையோடு இருந்த பெரியவர் மரியாதைக்குத் தலையாட்டினார். கேட்க ஆள் கிடைத்தால் கணவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பல் டாக்டருக்கே பல்லைப் பற்றி வகுப்பெடுத்தவன். மின்விசிறிச் சத்தம் போல அவன் பேச்சும் அவளுக்குப் பழகியிருந்தது. ஆனால் துரையின் சாப்பாட்டைப் பாதியாக்கியதும் அவன் சொல்லித்தான். காலித் தட்டை அது நக்கிக்கொண்டே அவளைப் பார்க்கும்.

முடிவு வந்ததும் டாக்டர் துரையோடு அவர்களை உள்ளே கூப்பிட்டாள். “ரெண்டு ரத்தத்துலயும் ஹார்மோன் அடிமட்டம். ஊசிக்கு அசையவே இல்ல. சுரப்பி தூங்குது. வெளியிலேர்ந்து ஸ்டீராய்டு போனா இப்படி ஆகும். மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்லையே டாக்டர்,” என்றாள் அவள்.

கணவன் சுவரைப் பார்த்தான். “அரிப்புக்குத்தான்… என் தோலுக்கு எழுதின மாத்திரை. ராத்திரியெல்லாம் சொறிஞ்சு தூங்க விடல. பிஸ்கட்டுல வெச்சா முழுங்கிடும்.”

“எத்தனை நாளா?”

“மாசக்கணக்கா இருக்கும்.”

“பசி, தாகம், தொப்பை எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை சார். ஆனா சட்டுனு நிறுத்திடாதீங்க, உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.”

அவன் முகம் தெளிந்தது. மனைவி பக்கம் திரும்பினான். “பாத்தியா? நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரே சொல்றாங்க.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நடைபாதையில் யாரோ துப்பிவைத்ததைக் கண்டு காலை நகர்த்துவதுபோல நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கையை நீட்டினாள்.

“மாத்திரையக் குடுங்க. இனிமே நான் பாத்துக்கறேன்.”

அவன் சட்டைப்பையிலிருந்து அட்டையை உருவினான். அது சரசரத்தது. துரை காதை நிமிர்த்தியது. தள்ளாடி எழுந்து, வாலை ஆட்டியபடி அவளைக் கடந்து போய், அவன் முழங்கால்மேல் தாடையை வைத்து வாயைத் திறந்தது.