இரண்டு தட்டு உப்பு

குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள் காவேரி. மூச்சு வந்தது. விரலை எடுத்தால் நின்றுவிடுமோ என்று தோன்ற, மறுபடியும் வைத்தாள். மூன்று வயதுப் பெண் உள்ளறைக் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். வெளிக்கூடத்தில் மாமனார் பரமசிவம் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியின் இரைச்சல் கதவைத் தாண்டி வந்து, குழந்தையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்கவிடாமல் செய்தது.

காலையில்தான் போனார். ராகிக் கூழ் குடித்துவிட்டு, பால்கனியில் உட்கார்ந்து தூண்டில் நரம்பில் முள் கட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சு என்னவோ மாதிரி இருக்கிறது என்றார். வேர்த்துச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருந்த காவேரியின் கணவன் அசோக்குமார் எழுந்து ஓடிவந்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெரியவருக்குப் பல வருடமாக ரத்தக்கொதிப்பு. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னபோது யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. விடிந்தால் சனிக்கிழமை, அதனால் இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று வீட்டு ஓனர் சென்னப்பன் முடிவாகச் சொல்லிவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் முகம் பார்க்க வந்துசேர முடியாது என்று போனில் சொல்லிச் சொல்லி அசோக்குமாரின் தொண்டை கட்டிவிட்டது.

காவேரிக்கும் மாரடைப்பு என்றுதான் நினைப்பு. வந்தவர்களுக்கு டீ போட, பாலெடுக்க பிரிட்ஜைத் திறக்கும் வரைக்கும்.

பிரீசரில் அந்த நீல டப்பா இருந்தது. மாமனாரின் புழு டப்பா.

பரமசிவம் கடற்கரையில் பிறந்தவர். பிழைப்புக்கு ஓசூர் சிப்காட்டுக்கு வந்து, லேத் மெஷினோடு முப்பது வருடம் மல்லுக்கட்டி ரிட்டையர் ஆனவர். ஆனாலும் கடல் அவரை விடவில்லை. மைசூரிலிருந்து தூத்துக்குடி போகிற ரயில் ஓசூரில் நின்று போகிறதே, அதற்குப் பிறகு மனிதரை எப்படிக் கட்டிப் போடுவது? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூண்டில் கம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். கடல் உள்வாங்கி வற்றமாக இருக்கும்போது சேற்றைக் கிளறி இரைப்புழு எடுப்பார். மண்புழுவுக்கு இரண்டு பக்கமும் கால் முளைத்த மாதிரி இருக்கும் அது. பிடித்த மீனைத் தங்கச்சி வீட்டில் கொடுத்துவிட்டு, மிஞ்சிய புழுவை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவார். மிஞ்சிய புழுவைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தால்தான் என்ன என்று அவர் மனைவி தங்கமணி கேட்காத நாளில்லை. அடுத்த தடவை போகும்போது கடல் கொந்தளிப்பாக இருந்து புழு அகப்படாவிட்டால் என்ன செய்வது என்பார் அவர்.

அதற்கு ஒரு பக்குவம் வைத்திருந்தார். பேப்பரில் புழுவைப் பரப்பிக் கல்லுப்பைத் தூவிச் சுருட்டி வைப்பார். மறுநாள் புழு தண்ணீரெல்லாம் விட்டுக் கொத்தவரங்காய் வற்றல் போலச் சுருங்கியிருக்கும். உப்பை உதறிவிட்டு, வேறு உப்பில் ஏதோ ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து, அதில் புரட்டி டப்பாவில் அடைப்பார். அப்படி வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. முள்ளில் குத்தினால் ரப்பர் மாதிரி நிற்கும்.

உதறிய உப்பையும் டப்பாவில் மிஞ்சுகிற உப்பையும் எறிய முடியாது. உப்பு மகாலட்சுமி, காலில் மிதிபடக் கூடாது என்பது தங்கமணியின் சட்டம். உப்பு விஷயத்தில் அவளுக்குச் சட்டம் நிறைய. கைக்குக் கை உப்புக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சண்டை வரும். கிண்ணத்தில் போட்டுக் கீழே வைக்க வேண்டும், எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொள்ளலாம். கல்யாணமான புதிதில் காவேரி தெரியாமல் கையை நீட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதனால் பரமசிவம் அந்தப் புழு உப்பை மொட்டைமாடியில் ஒரு தட்டில் காயவைத்து, அடுத்த நடைக்கு எடுத்துவைப்பார். "இதத் தொடாத தாயி, பொடி கலந்து கெடக்கு" என்று மருமகளிடம் ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லியிருந்தார். காவேரி ஏன் தொடப்போகிறாள்? ஓசூர் பக்கத்துப் பேரிகையில் தக்காளித் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவள் அவள். பாம்பு குறுக்கே போனால் நின்று வழிவிடுவாள். இந்தப் புழுவைக் கண்டால் மட்டும் உடம்பெல்லாம் கூசும்.

ஆனால் தொட்டிருந்தாள். மழைக்கால ஈரத்தில் சமையல் உப்பும் கசிந்துபோகிறதென்று தங்கமணி அதையும் மாடியில் காயவைப்பது வழக்கம். நேற்றுச் சாயங்காலம் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. இடுப்பில் குழந்தையோடு மாடிக்கு ஓடிய காவேரி, இரண்டு தட்டு உப்பைப் பார்த்தாள். இரண்டும் அத்தையுடையவை என்று நினைத்து அள்ளிக்கொண்டு வந்து, அடுப்படி ஜாடியில் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். நீல டப்பாவைக் கண்ட பிறகுதான், அதில் ஒரு தட்டு மாமனாருடையது என்று உறைத்தது. காலையில் அந்த ஜாடியில்தான் கையை விட்டாள். அந்தக் கூழைத்தான் மாமனார் குடித்தார். அவர் மடியில் உட்கார்ந்து குழந்தையும் ஒரு கிண்ணம் குடித்தது. அசோக்குமார் தூங்கிக்கொண்டிருந்தான். தங்கமணிக்கு வெள்ளிக்கிழமை விரதம். காவேரி எல்லோருக்கும் பிறகுதான் சாப்பிடுகிறவள். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மத்தியானம் குழந்தை பாலைக் குடித்து வாந்தி எடுத்தது. பிறகு தூங்கியது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் என்னவாகும் என்றும் நினைத்தாள். போலீஸ் வரும். பெட்டிக்குள் கிடக்கிற மனிதரைக் கொண்டுபோய் அறுப்பார்கள். மருமகள் மாமனாருக்கு என்னத்தைக் கலந்து கொடுத்தாளோ என்று தெருவே பேசும். ஒரே கம்பெனியில் வேலை பார்த்துப் பழகி, இரண்டு வீட்டையும் எதிர்த்துக்கொண்டு செய்த கல்யாணம். அன்றைக்கு அசோக்குமாரின் பக்கம் நின்றவர் பரமசிவம் ஒருவர்தான். அவரைப் போய்!

வெளியே மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சென்னப்பன் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"விபூதி, கற்பூரம் எல்லாம் ரெடி. உப்பு எங்கம்மா? குழிக்குள்ள போடணும், ஜாஸ்தி வேணும்."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கமணி நிமிராமலே பதில் சொன்னாள். "அடுப்பங்கரையில ஜாடி நெறைய கெடக்கு. அத எடுத்துக் குடு காவேரி."

காவேரி போய் ஜாடியை எடுத்தாள். இதைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. உப்பு அவரோடு குழிக்குள் போய்விடும், அதன் மேல் மண் விழுந்துவிடும். உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. நல்லதுதானே என்று ஒரு நிமிடம் நிஜமாகவே நினைத்தாள். பிறகு குழந்தையின் நினைப்பு வந்தது. இவளுக்கு ஒன்று ஆகி டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால், எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? குழியையா தோண்ட முடியும்?

ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் மாமியாரின் பக்கத்தில் மண்டியிட்டாள். மேளச் சத்தத்தில் அவள் பேசியது வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"அத்தை, நேத்து மழையில ரெண்டு தட்டு உப்பையும் இதுலயே கொட்டிட்டன். மாமா புழு போட்ட உப்பும் இதுல இருக்குது. காலையில இதத்தான் கூழுல போட்டன். பாப்பாவும் குடிச்சிருக்கா."

தங்கமணி ஜாடியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள் கிடந்தவரைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தபோது, இதோ ஊரைக் கூட்டப்போகிறாள் என்று காவேரி நினைத்தாள்.

"புள்ள எங்கட்டி?"

"தூங்குறா. மத்தியானம் வாந்தி எடுத்தா."

"தூக்கு. ஜாடியையும் எடுத்துக்கோ. ரத்தினவேலு வண்டி வச்சிருக்கான், அவனோட ஆஸ்பத்திரிக்குப் போ. இங்க நான் பாத்துக்கிடுதேன்."

அவ்வளவுதான். சென்னப்பனைக் கூப்பிட்டு, ஜாடி உப்பு ஈரமாகக் கிடக்கிறது, கடையில் ஆள் விட்டு வாங்கிவரச் சொல்லுங்கள் என்றாள். கொள்ளிச்சட்டியோடு நின்ற மகனிடம், பிள்ளைக்கு வயிறு சரியில்லை, காட்டிவிட்டு வரட்டும் என்றாள். குரல் பிசகவே இல்லை.

ரத்தினவேல் பரமசிவத்தோடு வேலை பார்த்தவர், சேலத்துக்காரர். கடலையே பார்க்காதவரைத் தூண்டில்காரராக மாற்றியது பரமசிவம்தான். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து காவேரி விஷயத்தைச் சொன்னபோது, சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

"அந்த வெள்ளப் பொடி வெங்காரம்மா, நகை பத்தவைக்கப் போடறது" என்றார் கடைசியில். "நாத்தம் வராதுன்னு நாந்தான் நாட்டு மருந்துக் கடையில வாங்கிக் குடுத்தன். ஒரு சிட்டிகதான் போடச் சொன்னன். அவரு எவ்வளவு போட்டாரோ."

பிறகுதான் வண்டியை எடுத்தார். காவேரி ஒரு கையால் குழந்தையையும் ஒரு கையால் ஜாடியையும் பிடித்திருந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஜாடியைத் திறந்து பார்த்தாள், எவ்வளவு கூழ், எத்தனை கல் உப்பு என்று விசாரித்தாள், குழந்தையின் கண்ணை விரித்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கியதில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது. காவேரிக்கு அந்த அழுகை போல இனிமையாக ஒன்றைக் கேட்டதாக நினைவில்லை. இந்த அளவுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, எதற்கும் இருட்டும் வரை வைத்துப் பார்க்கலாம் என்றாள் டாக்டர். எழுதப்போனவள் நிமிர்ந்து கேட்டாள்.

"வேற யாராவது சாப்பிட்டாங்களா?"

"எங்க மாமா."

"அவரையும் ஒரு தடவ வந்து காட்டச் சொல்லுங்க."

ரத்தினவேல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்நேரம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள் என்று காவேரிக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். ரத்தக்கொதிப்பு உண்டா, மாத்திரை ஒழுங்காகப் போடுவாரா என்றெல்லாம் கேட்டுவிட்டு, மாரடைப்பாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்காமல் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். காவேரிக்குப் பாதி உயிர் வந்தது, மீதி அங்கேயே நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அசோக்குமார் மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். தங்கமணி குழந்தையைக் கைநீட்டி வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, காவேரியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க அத்தை."

தங்கமணி குழந்தையின் தலையில் முகத்தை வைத்து வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள். கீழ்வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்திருந்தன. காவேரி தட்டு வைத்துப் பரிமாறினாள்.

"காலையில அவுக மிச்சம் வச்ச கூழ நாந்தான் குடிச்சேன்" என்றாள் தங்கமணி, தட்டைப் பார்த்துக்கொண்டு.

ரசக் கரண்டி காவேரியின் கையில் அப்படியே நின்றது. "உங்களுக்கு விரதமாச்சே?"

"அரை டம்ளர் இருந்துச்சு. கீழ கொட்ட மனசு வரல."

"அப்போ எங்கூட ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே அத்தை. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அவுகளத் தனியா அனுப்பச் சொல்லுதியாட்டி?"

இந்த மனுஷி சாயங்காலம் முழுக்க அதைத் தெரிந்துகொண்டேதான் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாளா? காவேரிக்குக் கண் நிறைந்து ரசச் சட்டி மறைந்தது.

தங்கமணி ஒரு வாய் எடுத்து மென்றாள். "சோத்துல உப்பே இல்ல" என்றாள்.

வரும் வழியில் ரத்தினவேல் வாங்கிக் கொடுத்த புது பாக்கெட் இருந்தது. காவேரி அதைப் பிரித்து, கொஞ்சம் கிண்ணத்தில் போட்டு, வழக்கம்போல மாமியாரின் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். வைத்த பிறகும் கிண்ணத்தை விட்டுக் கையை எடுக்கத் தைரியம் வரவில்லை.

தங்கமணி கிண்ணத்தைத் தொடவில்லை. இடது கையால் குழந்தையைப் பிடித்தபடி, வலது உள்ளங்கையை விரித்து மருமகளுக்கு நேராக நீட்டினாள்.

காவேரி நான்கு கல் உப்பை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். தங்கமணி அதைச் சோற்றில் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தாள். அவள் மென்று விழுங்குகிற வரைக்கும் காவேரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.