தம்ளரில் ஊறிய கல்வாழை

பல் டாக்டருக்கு ஊரில் கைராசிக்காரர் என்று பெயர். வீட்டில் அந்தப் பெயர் எடுபடாது. பல்லைத் தவிர அவர் கை வைத்த எதுவும் உருப்பட்டதில்லை என்பது மனைவியின் தீர்ப்பு. கிளினிக்கில் சீட்டுக் கொடுப்பதும் அந்த அம்மாள்தான் என்பதால் அங்கேயும் அப்பீல் கிடையாது.

அப்படிப்பட்ட மனிதர்தான் மனைவியின் கல்வாழை விதைகளைத் திருடினார்.

விதைகள் மாமனாருடையவை. அவர் போய்ச் சேர்ந்து, வீட்டையும் விற்ற பிறகு, அவர் வளர்த்த செடியிலிருந்து மிஞ்சியது ஒரு கைப்பிடி விதை. பாதியை அவள் மண்ணில் போட்டாள், ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. மீதியை டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். "போட்டா இதுவும் போயிடும். இருக்கட்டும்." அதன் பிறகு அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் டாக்டர் டப்பாவில் கை வைத்தார்.

கல்வாழை விதைக்குத் தோல் ரொம்பக் கெட்டி, லேசாகக் கீறி ஊறப்போட்டால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று ஒரு நர்சரிக்காரர் நாற்காலியில் வாயைப் பிளந்தபடியே சொல்லியிருந்தார். கீறுவதற்கு டாக்டரைவிட வேறு ஆள் வேண்டுமா? மனைவி வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு விதையையும் இடுக்கியில் பிடித்து, உள்ளே வெள்ளை தெரியும்வரை டிரில்லால் தேய்த்தார். அவரிடம் வந்து அலறாத முதல் பேஷண்டுகள் அவைதான். எவர்சில்வர் தம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, நாற்காலிக்குப் பக்கவாட்டில் ஓரமாக வைத்தார். முளைத்த பிறகு காட்டி அசத்திவிடலாம் என்று நினைப்பு.

மறுநாள் முதல் ஆள் விளையாட்டு வாத்தியார். மைதானத்தையே அதட்டும் மனிதர், ஊசியைக் கண்டால் பச்சைக் குழந்தை. கன்னம் மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையை அடைத்து முடித்து, "கொப்பளிங்க சார்" என்றார் டாக்டர். வாத்தியார் கைக்கு எட்டிய தம்ளரை எடுத்து வாயில் கவிழ்த்து, கடகடவென்று கொப்பளித்துத் துப்பினார். கோப்பைக்குள் கறுப்பு கறுப்பாக உருண்டன.

"ஐயோ, என் பல்லு!"

மனைவி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாத்தியாருக்கு மட்டும் தைரியம் சொல்லி அனுப்பிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு வடிகட்டியைக் கழற்றிப் பொறுக்கினாள்.

"ஒண்ணு குறையுது."

"குழாயில போயிருக்கும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னிருப்பே."

"அதுக்குத்தானே கேக்கணும்!"

சொல்லிவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு விதைக்கான அழுகை இல்லை அது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார் டாக்டர். பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு சீட்டுக் கொடுக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் நெருங்கும்போது வாத்தியார் மறுபடி வந்தார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "என்ன டாக்டர் வேலை பாத்திருக்கீங்க? பல்லுத் துண்டை உள்ளேயே விட்டுட்டீங்களே! இப்பத்தான் மரமரப்பு விடுது, கன்னத்துக்குள்ள என்னமோ உருளுது."

டாக்டர் விளக்கைத் திருப்பி, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கியை விட்டு எடுத்தார். காணாமல் போன விதை. நன்றாக ஊறி உப்பி, தோல் வெடித்திருந்தது.

மனைவி அதைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சுவரில் சாய்ந்து சிரித்தாள். விஷயத்தைக் கேட்ட வாத்தியார் கூசிப்போனார்.

"மன்னிச்சிடுங்கம்மா. நல்லாக் கழுவிட்டு எடுத்துக்குங்க."

அவள் கழுவினாள். ஈரப் பஞ்சில் சுற்றி அவர் கையிலேயே வைத்தாள். "உங்க வாயில ஊறினது சார், உங்க வீட்டுலயே நடுங்க. எங்கப்பா யாரு கேட்டாலும் குடுப்பாரு. மீதிய நான் இன்னைக்கே நட்டுடறேன்."

"என்ன கலர்ல பூக்கும்மா?"

"நல்ல சிவப்பு சார். எங்கப்பா என்ன பண்ணுவாருன்னா..." என்று ஆரம்பித்தாள்.

வெளியே இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று டாக்டர் கதவைச் சாத்தினார்.