டிக்கியில் இருந்த வாத்து

தெருவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ் போய்விட்டது, சத்தம் மட்டும் போகவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் கத்துவார். வந்துவிட்டால், இவ்வளவு நேரம் எங்கே போய்த் தொலைந்தது என்று அதற்கும் கத்துவார். கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான். மன்னிப்பு என்ற சொல் மட்டும் தலைகீழாக நின்றாலும் அந்த வாயிலிருந்து வராது.

அப்பேர்ப்பட்ட மனிதர் வாசலில் தன் பழைய காருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கந்தல் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கார். சிவப்பாக இருந்த கார் என்று சொல்வதுதான் நியாயம். வருடக்கணக்காக வெயில் தின்று, வெளிறிப்போய், கையை வைத்தால் மாவாக ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தது.

விஷயம் இதுதான்: மகள் வருகிறாள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்ன அன்று தெருவே கூடி வேடிக்கை பார்க்கும்படி கத்தித் தீர்த்தவர் அவர். கல்யாணத்துக்கும் போகவில்லை. அன்று போனவள் இந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது அவருடைய மனைவியே நேரில் போய், மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள்.

"ஒரு நாள் இருந்து பாக்கறேன்னு சொல்றா. மனசு ஒத்துச்சுன்னா லீவு முடியிற வரைக்கும் இருப்பாளாம்," என்று மனைவி போனில் சொன்னாள். "நீங்க வாயத் தொறக்காம இருங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

வாயைத் திறக்காமல் எப்படி மன்னிப்புக் கேட்பது? அதற்குத்தான் இந்தத் தேய்ப்பு. அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட கார் இது. பளபளவென்று இதில் போய் ஸ்டேஷனில் நின்றால் அவளுக்குப் புரியாதா என்ன?

பக்கத்துத் தெரு பெயின்டர் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, செத்த பெயின்ட்டுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறீங்களா? சுரண்டிட்டுப் புதுசா அடிச்சிரலாம், விடுங்க."

"எதுடா செத்தது? இந்தா, துணியப் பாரு!"

துணி ரத்தச் சிவப்பாக இருந்தது. பெயின்டர் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அட, ஆமா! மேலதான் வெளுத்திருக்கு, அடியில நெறம் அப்படியே கெடக்கு. ஓரத்துல மட்டும் பாத்துண்ணே. அங்க பூச்சு மெல்லிசு, தேச்சா தகரம் பல்லக் காட்டிரும்."

ஹாரன் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினார். பாலிஷ் பசையைத் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, துடைத்து, மறுபடியும் தேய்த்தார். தோள் கழன்று போனது. ஆனாலும் கூரையும் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சிவந்து வந்தபோது மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் பின்பக்கம் வந்தார்.

டிக்கியின் மேல் வாத்து இருந்தது.

மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒட்டிய ஸ்டிக்கர் அது. அவள் வீட்டை விட்டுப் போன அன்று, ஆத்திரம் தாங்காமல் அதை நகத்தால் பிய்த்து எறிந்தவரும் இவர்தான். அவள் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கர்தான் போனது. அதற்கடியில் வெயில் படாமல் கிடந்த பெயின்ட், சுற்றியிருந்த வெளுப்புக்கு நடுவே வாத்தின் வடிவத்தில் சிவப்பாக நின்றுவிட்டது. நாளாக ஆகக் கொஞ்சம் மங்கியதே தவிர அழியவில்லை.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஹாரன் நெடுநேரம் அதையே பார்த்தார். இதைக் கண்டால் அவளுக்கு என்ன ஞாபகம் வரும்? அப்பன் வெறிபிடித்துப் பிய்த்ததுதானே ஞாபகம் வரும்? வேண்டாம் சாமி. அந்தப் பாழாய்ப்போன நாளின் அடையாளமே இருக்கக் கூடாது. பசையை அள்ளி வைத்து, மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு தேய்த்தார். சுற்றிலும் சிவப்பு ஏற ஏற, வாத்து அதற்குள் கரைந்து போனது. மெழுகு பூசித் துடைத்தபோது டிக்கியில் அவர் முகம் தெரிந்தது.

ஸ்டேஷன் வாசலில் மகள் காரைப் பார்த்துவிட்டு நின்றாள். முகம் மலர்ந்ததா இல்லையா என்று அவர் கணிப்பதற்குள், பேத்தி கையை உதறிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

"அம்மா, வாத்து எங்க? வாத்தக் காணோம்மா!"

மகளும் வந்து பார்த்தாள். குனிந்து, உள்ளங்கையால் டிக்கியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கங்க அது?" என்றாள் மனைவி.

"தேச்சுட்டேன்."

"ஐயோ, பாவி மனுஷா! அத வச்சுத்தானே இவளக் கூட்டிட்டே வந்தேன்! 'பிச்சுப் போட்டதோட சரி, மிச்சத்த உங்கப்பா இன்னைக்கு வரைக்கும் தொடல. தெனமும் வண்டியத் தொடைப்பாரு, அந்த எடத்துல மட்டும் கை வைக்க மாட்டாரு. உள்ளுக்குள்ள பாசம் இருக்குடி'ன்னு போன்ல எத்தன தடவ சொல்லியிருப்பேன்! இந்தக் குட்டி வழியெல்லாம் வாத்து வாத்துன்னு உசிர எடுத்துட்டா."

துடைக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட்டுத் துடைத்தோமா? ஆமாம். அது பாசம் என்று அவருக்கே தெரியாமல் போயிருந்தது.

"நீ பாத்தா... அன்னைக்குப் பிச்சதுதான் ஞாபகம் வரும்னு..." சத்தம் அவருடையது போலவே இல்லை. "தப்புப் பண்ணிட்டேம்மா. அன்னைக்கும்தான். இன்னைக்கும்தான்."

வந்துவிட்டது, வராத சொல். மகள் அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"பரவால்லப்பா. வண்டி நல்லா இருக்கு," என்றாள், யார் வீட்டுக்கோ போனால் சொல்வதைப் போல.

மறுநாள் மத்தியானமே கிளம்பிவிட்டாள். சண்டையில்லை, முறைப்பில்லை. கிளம்பும்போது, வர்றேம்ப்பா என்றுகூடச் சொன்னாள். கொண்டுவந்த பெட்டியைத்தான் கடைசி வரை திறக்கவில்லை.

அவர்களை ஏற்றிவிட்டு வந்த ஹாரன், வண்டியை நிறுத்திவிட்டு டிக்கிக்குப் பின்னால் குந்தினார். சாய்வெயிலில் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, ஒரு கோடாவது, ஒரு அலகாவது தெரியாதா என்று தேடினார். ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தார்.