சிவப்பைக் கொடுத்து மஞ்சளை வாங்கப் போனது

சம்மட்டிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் சொல்வார்கள். சும்மா சொல்கிறார்கள். மூக்கு நுனியில் போய் உட்காரும் அளவுக்கு அவன் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. நேராகக் கைக்குப் போய்விடும். எட்டு மாதத்துக்கு முன்னால் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவன் கதவைத் திறந்தபோது சம்மட்டியின் சிவப்பு வண்டியில் உரசிவிட்டான். கடுகளவு கீறல். சம்மட்டி இறங்கினான். அந்த ஆள் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். திறந்த வாயிலேயே குத்து விழுந்தது. தாடை இரண்டு இடத்தில் விட்டுப் போய், மூன்று மாதம் அந்த மனுஷன் எல்லாவற்றையும் குழாய் வைத்து உறிஞ்சித்தான் குடித்தான்.

அதைக்கூட அவன் மனைவி தாங்கியிருப்பாள். ஒருவன் கீழே விழுந்து ரத்தம் துப்பிக்கொண்டிருக்க, இவன் குனிந்து கட்டைவிரலில் எச்சில் தொட்டு அந்தக் கீறலைத் தேய்த்துப் பார்த்தானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டே விஷயம் சொன்னாள். "இந்த வண்டி வீட்டை விட்டுப் போகணும். இன்னொரு தடவை நீங்க எவன் மேலயாவது கை வச்சீங்கன்னா, நானும் பாப்பாவும் போயிடுவோம். எங்க போவீங்கன்னு கேக்காதீங்க. போயிடுவோம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். இது சம்மட்டிக்குத் தெரியும். அவனுடைய பட்டறையில் அவள்தான் பெயின்டர். அடிபட்டு வரும் வண்டிகளை இவன் தட்டி நிமிர்த்துவான், கிழிந்த தகட்டைப் பற்றவைப்பான். அதன் மேல் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடிப்பது அவள். பதினான்கு வருஷமாக இவன் கை வேலையை அவள் கை தடவிக்கொண்டிருக்கிறது. ஒரு இடத்தில் நெளிவு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லுவாள். சரியில்லை என்றால் சரியில்லைதான், திரும்பத் தட்ட வேண்டும்.

எட்டு மாதம் சம்மட்டி கையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தான். கோபம் வரும்போதெல்லாம் பட்டறைக்குப் பின்னால் போய் உபயோகமில்லாத ஒரு பானெட்டைச் சுத்தியலால் சாத்துவான். அப்படி நான்கு பானெட் தகடு தகடாகப் போனது. ஆனால் மனுஷன் மேல் கை நீளவில்லை. மகளுக்குக்கூட அதில் ஒரு பெருமை. காலண்டரில் நாள் நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

வண்டியை விடுவதுதான் வரவில்லை. இருபத்திரண்டு வயசான வண்டி, இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். எரிந்துபோன கூடாக வாங்கி, ஒவ்வொரு தகடாக அவனே தட்டி எடுத்தது. குளிர்ந்தால் கிளம்பாது, சூடானால் நிற்காது, மழை பெய்தால் உள்ளே குளிக்கலாம். புது வண்டி நல்லது என்று திங்கட்கிழமை சொல்லுவான். செவ்வாய்க்கிழமை அதே வாயால், புது வண்டியெல்லாம் பொம்மை, உயிர் இல்லை என்பான். மகளை எங்கே உட்கார வைப்பது என்று மனைவி கேட்டால் துணியை எடுத்துக்கொண்டு சிவப்பைத் துடைக்கப் போய்விடுவான். பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது, இன்னும் மடியில் வைத்துக்கொண்டா போக முடியும்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை மூவரும் வியாபாரியின் தகர வேலி போட்ட வளாகத்துக்குப் போனார்கள். மனைவியும் மகளும் பஸ்ஸில். சம்மட்டி சிவப்பு வண்டியில், கடைசித் தடவையாக. பழைய வண்டி வாங்கி விற்கும் அந்த வியாபாரி, சம்மட்டியின் பட்டறைக்கு ரொம்ப நாள் வாடிக்கை. முகத்தில் சிரிப்பைத் தைத்து வைத்திருப்பான்.

அவன் காட்டிய வண்டி மஞ்சள். நான்கு வருஷம்தான் ஆகிறது. ஸ்போர்ட்ஸ் கார்தான், ஆனால் பின்னால் சின்னதாக இரண்டு இருக்கை. மகள் பார்த்ததும் ஏறிப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். மனைவி சுற்றி வந்து பெயின்ட்டை மட்டும் பார்த்தாள். "கொஞ்சம் கனமா அடிச்சிருக்காங்க. பரவாயில்ல," என்றாள். வண்டி அவள் பெயரில்தான் எழுத வேண்டும் என்பது அவள் கண்டிஷன். வியாபாரி தலையாட்டி அவளை அலுவலக அறைக்குள் கையெழுத்துக்கு அழைத்துப் போனான். போகிற போக்கில், "சிவப்புல சாவி இருக்கட்டும்ணே, பசங்க அப்புறம் உள்ள எடுத்து விடுவாங்க," என்றான்.

சம்மட்டி மஞ்சளை வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். பிரேக்கை அழுத்தியபோது இடது பக்கம் இழுத்தது. டயராக இருக்கும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே நிறுத்தி இறங்கினான். ஆனால் தொழில் செய்கிற கை சும்மா இருக்குமா? கதவுக்கு அடியில் ஓடும் தகட்டை முஷ்டியால் தட்டிக்கொண்டே வந்தான். முன்னால் டிங் டிங் என்று கேட்டது. கதவு முடிகிற இடத்தில் டொக் என்றது. அரை அடி தாண்டினால் மறுபடி டிங்.

"பாப்பா, கொஞ்சம் இறங்குடா," என்றான். மகள் முனகிக்கொண்டே இறங்கித் தள்ளிப் போனாள். சம்மட்டி உள்ளே தலையை விட்டு, தரையில் ஒட்டியிருந்த கார்ப்பெட்டை ஓரத்தில் பிடித்துக் கிழித்தான்.

வண்டியின் குறுக்கே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும், ஒரு வெல்டிங் தடம் ஓடியது. மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீராக, அழகாக. அப்படி அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரே ஒருத்தன்தான் பற்றவைப்பான். 

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் இது தார்ப்பாயில் மூடி வந்தது. வெள்ளை வண்டியின் முன் பாதி, நீல வண்டியின் பின் பாதி. ஒன்று பின்னால் நசுங்கியது, ஒன்று முன்னால் நசுங்கியது. நல்ல பாதி இரண்டையும் சேர்த்து ஒட்ட வேண்டும். ஷோரூமில் அலங்காரத்துக்கு நிற்கும், ரோட்டுக்கே வராது என்று வியாபாரி சொன்னான். அது பச்சைப் பொய் என்று சம்மட்டிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மேற்கொண்டு கேட்கவில்லை. வெளிப்பக்கம் கிரைண்டர் போட்டு மழித்துக் கொடுத்தான். வேறு எந்தத் திருட்டுப் பயலாக இருந்தாலும் உள்பக்கமும் மழித்திருப்பான். இவனுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு நன்றாக வந்த வேலையை எப்படி மழிப்பது என்று அப்படியே விட்டுவிட்டான். கர்வம் பிடித்த கழுதை.

தடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒட்டுதான். வேகத்தில் எதன் மேலாவது மோதினால் அந்த இடத்தில்தான் வாயைப் பிளக்கும். பின் இருக்கை அதற்கு நேர் மேலே இருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். வியாபாரி குனிந்து கார்ப்பெட்டைப் பார்த்தான், சிரிப்பு குறையவில்லை. "என்னண்ணே, உங்க வேலையை நீங்களே மோந்து பாக்கறீங்க?"

"இதைத்தான் எங்க தலையில கட்டறியா?"

"மறந்தே போச்சுண்ணே. சத்தியமா. எத்தனை வண்டி வருது போகுது."

"வேண்டாம். பேப்பரைக் கிழி."

"அக்கா கையெழுத்துப் போட்டாச்சே. கிழிக்கறேன், என்ன காரணம் சொல்லட்டும்? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" வியாபாரி குரலை இறக்கினான். "மூடிட்டு ஓட்டுங்கண்ணே. மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது. போன மழையில நீங்க ஒட்டினதுல ஒண்ணு பாலத்துல ரெண்டா போச்சு. உள்ள ரெண்டு பேர். யாராவது உங்களைத் தேடி வந்தாங்களா? நான்தானே மூடி மறைச்சேன். அந்த நன்றி வேண்டாம்?"

சம்மட்டிக்குக் காதுக்குள் ஒரு இரைச்சல் ஏறியது. வியாபாரி இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அந்த உதட்டில்தான் முதல் குத்து விழுந்தது. இரண்டாவதில் மூக்கு போனது. தலைமுடியைப் பிடித்து இழுத்து மஞ்சள் பானெட் மேல் முகத்தை மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவையில் பானெட்டே குழிந்தது. ஒரு பல் பெயின்ட்டைக் கீறிக்கொண்டு வழுக்கி விழுந்தது. வியாபாரி சரிந்து விழுந்த பிறகும் விலாவில் உதைத்தான். எட்டு மாதம் தகட்டின் மேல் இறக்கியதெல்லாம் தகட்டோடு தீரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அடிக்க அடிக்க அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அப்பா," என்று மகள் கூப்பிட்டாள்.

அவன் திரும்பியபோது மனைவி அலுவலக வாசலில் நின்றிருந்தாள். ஒரு கையில் காகிதம், ஒரு கையில் மஞ்சளின் மாற்றுச் சாவி. அவள் கத்தவில்லை. அருகில் வரவும் இல்லை. முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்து போயிருந்தது.

"பாப்பா, வண்டில ஏறு," என்றாள்.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இந்த வண்டியை ஒட்டினது நான்தான். நான்கு வார்த்தை. நாக்கு அசையவில்லை. சொன்னால் அடித்தவன் என்ற பெயர் போய், கொன்றவன் என்ற பெயர் வரும். அடித்ததற்குப் போகிறவள் அதற்குத் திரும்பிப் பார்ப்பாளா? வாயில் வந்தது வேறு. "ஏறாதே!" என்று உறுமினான். அந்த உறுமலை அவர்கள் இருவரும் வருஷக் கணக்கில் கேட்டிருக்கிறார்கள். அதற்கு இனிமேல் பணிவதாக இல்லை. மனைவி மகளின் தோளைப் பிடித்து மஞ்சளை நோக்கி நடந்தாள்.

சம்மட்டி ஓடினான். அவர்களிடம் ஓடவில்லை, சிவப்பிடம் ஓடினான். சாவி அதிலேயே இருந்தது. வாங்கின நாளிலிருந்து ஒருநாளும் முதல் திருப்பில் கிளம்பாத சனியன் அன்றைக்குக் கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மனைவி திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மகளை இழுத்துக்கொண்டு வேலிப் பக்கம் ஓடினாள். வியாபாரி ஏற்கெனவே தவழ்ந்து அலுவலகச் சுவரோரம் போய்விட்டிருந்தான். அவர்கள் விலகியதைப் பார்த்த பிறகுதான் அவன் காலை முழுதாக அழுத்தினான்.

மஞ்சளின் மறுபக்கத்தில், கதவு முடிகிற இடத்தில் நேராகப் போய் ஏறினான். ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்தது. விலா ஒன்று முறிந்தது அவனுக்கே கேட்டது. நெற்றி கண்ணாடியில் மோதிக் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. தானே தட்டி எடுத்த சிவப்புத் தகடெல்லாம் கசக்கிய காகிதமாகச் சுருண்டு முழங்கால் வரை வந்தது. மஞ்சள் வண்டி ஒரு முனகலோடு நடுவில் பிளந்தது. முன் பாதி ஒரு பக்கம் திரும்பி நின்றது, பின் பாதி ஒரு பக்கம் கவிழ்ந்தது. பின் இருக்கை பிளவுக்குள் மடிந்து, வெறும் பஞ்சும் கம்பியுமாகத் தெரிந்தது.

மனைவி மகளை வேலியோரம் நிற்கவைத்துவிட்டு வந்தாள். அவனிடம் வருவாள் என்று நினைத்தான். அவள் பிளந்த இடத்துக்குப் போனாள். மடிந்து கிடந்த இருக்கையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கிழிந்த விளிம்பில் மிச்சமிருந்த தடத்தின் மேல் விரலை வைத்தாள். கண்ணை மூடினாள். ஒரு சாண் தூரம் தடவினாள், அவ்வளவுதான்.

சம்மட்டி கதவை உதைத்துத் திறந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"இது உங்க கை," என்றாள்.

"ஆமா."

"இது மாதிரி எத்தனை வண்டி?"

"பதினொன்னு." இப்போது நாக்கு அசைந்தது. "ஒண்ணு பாலத்துல போச்சாம். ரெண்டு பேர். இப்பதான் சொன்னான்."

அவள் கை அவன் கன்னத்தில் இறங்கியது. பட்டறையில் பதினான்கு வருஷம் தேய்த்த கை. காது அடைத்தது. அவன் கை தானாக மேலே வந்தது; இறக்கிக்கொண்டான். இரண்டாவது அறை நெற்றிக் காயத்தில் பட்டு அவள் விரலெல்லாம் ரத்தம் ஆனது. மூன்றாவது. நான்காவது. பிறகு அவள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தான். அழவில்லை.

"நீங்க ரெண்டு பேரும்," என்று ஆரம்பித்தான். "வீட்டுக்கு..."

கல்யாணமான நாளிலிருந்து அவனை ஒருமையில் கூப்பிடாதவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் ஒன்பது வண்டி ஓடிட்டு இருக்கு. அதுல எவ பிள்ளை பின்னால உக்காந்திருக்கோ தெரியாது. போலீஸ்கிட்ட சொல்லு. எல்லாரையும் கீழ இறக்கு. அதுக்கப்புறம் எங்களைக் கேளு."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். மகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை, தான் உட்கார்ந்திருந்த இருக்கையைப் பார்த்தாள்.

வியாபாரி சுவரில் சாய்ந்து, கிழிந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சம்மட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் விலா குத்த, அவன் எதிரில் போய் முழங்காலிட்டான். வியாபாரி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

"அடிக்கல," என்றான் சம்மட்டி. "போனைக் கொடு. அப்புறம் வண்டி வாங்கினவங்க பேரெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லு."