மூன்றுகால் ஸ்டூல்

பீப்! பீப்! பீப்! பீப்! பீப்!

மூன்று முறை கத்தினால் மஞ்சள், ஐந்து முறை கத்தினால் சிவப்பு. ஐந்தாவது பீப்புக்கு அந்த அறையில் இருந்த ஆறு பேரும் தலையை நிமிர்த்தினார்கள்.

"டீச்சரம்மா, உங்க செல்லம் குரைக்குது" என்றான் பக்கத்து நாற்காலி சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன் என்பதால் வந்த பெயர். அவன் கூப்பிட்டவளுக்கும் ஒரு பெயர் உண்டு. வங்கியில் எல்லோருக்கும் அவள் சந்தேக டீச்சர். வாரத்தில் ஐந்து நாள் மோசடித் தடுப்புப் பிரிவில் வேலை. சனிக்கிழமை காலையில், போனில் வரும் போலிக் குரலுக்கு ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பொதுமக்களுக்கு இலவச வகுப்பு.

அவள் செல்லம் என்று அவன் சொன்னது ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளை. பிரிவில் அதற்கு 'மோப்பம்' என்று பெயர். யாராவது பணம் அனுப்பும்போது ஏதாவது நாற்றம் அடித்தால் அது பணத்தை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டுக் கத்தும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் விசாரித்து, 'விடு' என்றோ 'ரத்து' என்றோ சொல்ல வேண்டும். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் பணம் போய்விடும்.

டீச்சர் திரையைப் பார்த்தாள்.

கணக்கில் இரண்டு பெயர். ஒன்று அவளுடையது. இன்னொன்று அக்காவுடையது.

அம்மா போன பிறகு வீட்டை விற்று வந்த பணம் அது. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஏற்பாடு. திங்கட்கிழமை ஆளுக்குப் பாதியாகப் பிரிப்பதாகப் பேச்சு. டீச்சரின் பாதிக்கு ஏற்கெனவே ஒரு இரண்டறை வீடு பார்த்தாகிவிட்டது. இப்போது குடியிருப்பது லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்து அறையில். கணவர் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக், அதனால் வாடகை இல்லை. தூக்கமும் இல்லை. சுவர் நாள் முழுக்க உறுமும். மகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் படிக்கிறாள்.

அந்தப் பணம் முழுவதும், பாதி அல்ல, முழுவதும், நான்கு நாளைக்கு முன்பு வேறொரு வங்கியில் திறந்த ஏதோ ஒரு கணக்குக்குப் போகப் பார்த்து, நடுவழியில் நின்றிருந்தது.

"கையை எடுங்க" என்றான் சோடாபுட்டி, விளையாட்டுக் குரலை விட்டுவிட்டு. சொந்தக் குடும்பத்துக் கணக்கை ஊழியர் தொடக் கூடாது என்பது விதி. அவளே வகுப்பெடுத்த விதி. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அவன் அக்காவின் எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம்மா, வங்கியிலிருந்து பேசறோம். இப்போ ஒரு பெரிய தொகை அனுப்பியிருக்கீங்களே, நீங்கதான் அனுப்பினீங்களா?"

"ஆமா, நான்தான்." அக்காவின் குரல் அவசரமாக வந்தது. "தெரிஞ்சவங்களுக்குத்தான். சீக்கிரம் விட்டுடுங்க தம்பி."

இதையும் அவள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள். ஏமாற்றுக்காரன் பிடியில் இருப்பவர்கள், வங்கி தடுத்தால் வங்கியோடுதான் சண்டை போடுவார்கள். விடுங்க, விடுங்க என்பார்கள். ஏனென்றால் காதுக்குள் இன்னொருவன் பேசிக்கொண்டிருப்பான்.

விதியாவது ஒன்றாவது. எட்டி மைக்கைப் பிடித்தாள். "அக்கா! நான்தான் பேசறேன்! யாருக்குக்கா அனுப்பினே?"

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஒன்று ஓடி நின்றது கேட்டது. பிறகு ஒரு விசும்பல்.

"நீயா? அப்போ... அப்போ காலைல எனக்குப் போன் பண்ணி அழுதது யாருடி?"

மற்ற நான்கு பேரும் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார்கள்.

"உன் குரல்தான்டி. அப்படியே உன் குரல். வண்டி மோதிடுச்சு, ஆஸ்பத்திரில இருக்கேன், மொத்தமா அனுப்பு, அப்புறம் பேசிக்கலாம்னு அழுதே. நான் என்ன பண்ணுவேன்?"

"வீட்டுச் சொல் கேட்டியா அக்கா?"

"கேட்காம இருப்பேனா? கேட்டேன். டக்குனு சொன்னா."

டீச்சர் மைக்கை விட்டாள்.

வீட்டுச் சொல் என்பது அவள் வகுப்பின் முதல் பாடம். குரலைத் திருடலாம், முகத்தைத் திருடலாம். அதனால் ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்குள் ஒரு சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும். எழுதக் கூடாது, போனில் அனுப்பக் கூடாது. பணம் கேட்டு யார் அழுதாலும் முதலில் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். அக்காவும் அவளும் வைத்துக்கொண்ட சொல், மூன்றுகால் ஸ்டூல். சின்ன வயதில் அம்மா வீட்டில் கிடந்த, உட்கார்ந்தவரை எல்லாம் கவிழ்த்த ஸ்டூல். இரண்டு பேரைத் தவிர அது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

யாருக்குமா?

"நான் அங்கேயே வரேன்டி" என்று அக்கா போனை வைத்தாள். அக்காவின் தையல் கடை இரண்டு தெரு தள்ளித்தான்.

டீச்சர் வராந்தாவுக்குப் போய் நின்றாள். சந்தேகம் அவள் தொழில். அது அவளை விடுமா? இரவில் அவள் தூக்கத்தில் உளறுவாள் என்று கேலி செய்பவர் யார்? அவள் குரலை நாள் முழுக்கப் பதிவு செய்ய முடிந்தவர் யார்? மோட்டார் அறையை விட்டு எப்போது போவோம் என்று தினமும் கேட்பவர் யார்? விரல் தானாகக் கணவரின் எண்ணை அழுத்தியது.

"சொல்லும்மா. கிணறு மாதிரி லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன், சுருக்கமா சொல்லு."

"நானும் அக்காவும் வச்சிருந்த சொல்லை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எந்தச் சொல்லு?"

"நடிக்காதீங்க. பணம் மொத்தமும் போகப் பார்த்துச்சு. அந்தச் சொல்லு வெளியே போயிருக்கு. வீட்டுக்குள்ள உங்களைத் தவிர யாரு இருக்கா?"

குழிக்குள் அவர் மூச்சு விடுவது எதிரொலித்தது.

"பதினாலு வருஷம் ஆச்சு" என்றார் மெதுவாக. "எனக்கு அந்தச் சொல்லு தெரியாது. நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உங்க அக்கா தங்கச்சி விஷயம்னு ஒதுங்கியே இருந்தேன். சரி, நீ வேலையைப் பாரு."

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கோபப்படவில்லை. போன் கையில் சுட்டது.

திரும்பி வந்தபோது சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"டீச்சரம்மா... இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கணக்குல உங்க பேரும் இருக்கு, பார்க்கிற உரிமை உங்களுக்கு உண்டு. நீங்களே பாத்துக்கோங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினான். அனுப்புபவரின் போனில் உள்ள வங்கிச் செயலி சொல்வதை வைத்து, ஏன் நிறுத்தினேன் என்று மோப்பம் காரணம் எழுதும். புதிய கணக்கு, ஆம். வழக்கத்துக்கு மீறிய தொகை, ஆம். அதற்குக் கீழே இரண்டு வரி.

அனுப்பும்போதும், அன்று காலை முழுவதும், போனில் அழைப்பு: இல்லை.

பதற்றமான கை: இல்லை.

அந்த இரண்டாவது வரியை மோப்பத்துக்குச் சேர்க்கச் சொன்னதே அவள்தான். பயந்தவர் எண்களைத் தப்பாக அடிப்பார், அழிப்பார், நிறுத்தி நிறுத்தி அடிப்பார். இங்கே கணக்கு எண் ஒரே ஓட்டமாக, ஏழு விநாடியில், ஒரு பிழை இல்லாமல் விழுந்திருந்தது. துணியில் நேர்த்தையல் போட்டதுபோல.

அழைப்பே வரவில்லை என்றால் அழுதவள் யார்? அழுதவளே இல்லை என்றால் அந்தச் சொல்லைச் சொன்னது யார்?

அக்கா வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. டீச்சர் அவளைப் பயிற்சி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். போன சனிக்கிழமை எழுதியது பலகையில் அழியாமல் இருந்தது. அதே அறையில், முதல் வரிசையில் உட்கார்ந்து, நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு, என் தங்கச்சி என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் பெருமை பேசியவள் அக்கா.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கிடைச்சுடுமாடி?"

"அக்கா, சொல்லைக் கேட்டப்போ அவ தயங்கினாளா?"

"இல்லடி. மூணுகால் ஸ்டூல்னு பளிச்சுனு சொன்னா."

"அது தெரிஞ்சவங்க ரெண்டே பேர். நான் யார்கிட்டயும் சொல்லலை." டீச்சரின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "கேட்கலைக்கா, பயத்துல மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். பாடத்தை ஒழுங்கா ஒப்பிச்சு மாட்டிக்கிட்டியே."

முந்தானை பாதி வழியில் நின்றது.

"உன் போனுக்கு அழைப்பே வரலை அக்கா. எல்லாம் பதிவாகியிருக்கு. நாலு நாளைக்கு முன்னாடி அந்தப் புதுக் கணக்கைத் திறந்ததும் நீதானே?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே சோடாபுட்டி இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு நிமிடம். டீச்சர் அவனைப் பார்த்து இரு கைகளையும் குறுக்கே வைத்தாள். ரத்து. அவன் தலையாட்டிவிட்டு ஓடினான். பணம் நின்றது. டீச்சர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேக்கா."

"கேட்கணுமா?" அக்கா நிமிர்ந்தாள். கண்ணில் ஈரம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஆறு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டினது யாரு? ராத்திரி மூணு தடவை எழுந்தது யாரு? நீ ஞாயித்துக்கிழமை ஆப்பிளை வாங்கிட்டு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போவே. கடைசியில பாதிப் பாதி. ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, அக்கா நீயே வச்சுக்கோன்னு உன் வாயில வருமான்னு பார்த்தேன். வரலை."

ஆப்பிள் வாங்கியது உண்மை. அரை மணி நேரமும் உண்மை. ஆனால் லிஃப்ட் குழிக்குள் ஒருவர் மூச்சு விட்ட சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"உன் பொய்யை நம்பி இன்னிக்கு நான் என் வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்லிட்டேன்க்கா. பணத்தை விடு. அந்த அழுகை? போன்ல அப்படி அழுதியே, அதுவுமா பொய்யி?"

அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து நிதானமாகச் சுருட்டினாள். பிறகு கரும்பலகையை முகவாயால் காட்டினாள்.

"அழுறவங்களைக் கேள்வி கேட்க யாருக்கும் மனசு வராதுன்னு அங்க எழுதிப்போட்டது நீதானேடி!"